அம்பாசடருக்குப் பின்னிய நாடா

எனக்குப் பிசிறு ஆகாது. திருப்பூரில் முப்பது வருடமாக நாடா பின்னிக் கொடுக்கிறேன். தொப்பி வைத்த பனியன்களின் கழுத்தில் தொங்குமே ஒரு கயிறு, அதுதான் என் தொழில். அதன் நுனியில் ஒற்றை நூல் நீட்டிக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் சட்டைக் கையில் நூல் தெரிந்தாலும், பையிலிருக்கும் சின்னக் கத்தரியை எடுத்து வெட்டிவிட்டுத்தான் பாயசத்தைத் தொடுவேன். அந்தக் கத்தரியும் ஓர் இஞ்ச் டேப்பும் இல்லாமல் நான் வீட்டை விட்டு இறங்கியதில்லை.

இப்படிப்பட்டவளிடம் ஒரு பழைய கார் வந்து மாட்டியது. ஐம்பதுகளின் கடைசியில் வந்த அம்பாசடர், முதல் மாடல். அப்பா ஓட்டிய கார், அந்தப் பாசம் என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் அவர்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். அப்பா மொபெட்டைத் தாண்டியதே இல்லை. குண்டடத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்தில் பின்சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் அதைப் பார்த்தேன். கதவைத் திறந்து மூடினேன். அத்தனை வருடம் கழித்தும் அந்தக் கதவு ஒரே சத்தத்தில், இடுக்கில்லாமல் மூடியது. நல்ல தையலைப் பார்த்தால் அடையாளம் தெரிந்தவள் நான். வாங்கிவிட்டேன்.

அதை ஓட வைத்தவன் நல்லூரில் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். நான் தம்பி என்பேன், அவன் அக்கா என்பான். அதிகம் பேசமாட்டான், பேனட்டுக்குள் தலையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்பான். ஒரு வருடத்தில் காரை ரோட்டுக்குக் கொண்டுவந்தான். சோமனூர் வரை, காங்கேயம் வரை நானே ஓட்டிப்போனேன். ரோட்டில் லாரிக்காரர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதையா பயமா தெரியாது, எனக்கு இரண்டும் பிடித்திருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் தாராபுரம் போய்த் திரும்பி வரும்போது, குண்டடம் தாண்டியதும் எஞ்சின் ஒரு மாதிரி கத்தியது. புகை வந்தது. நின்றுவிட்டது. தம்பியை வரச் சொன்னேன். அந்தக் காலத்துக் காரை முன்பக்கம் ஒரு கைப்பிடியைச் செருகிச் சுற்றியும் கிளப்பலாம். அவன் கைப்பிடியைச் செருகிச் சுற்றிப் பார்த்தான். எஞ்சின் அசையவில்லை, உள்ளே எல்லாம் ஒட்டிப் பிடித்துக்கொண்டது. கைப்பிடியைப் பிடித்தபடியே அவன் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

மறுநாள் எஞ்சினைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவனே வீட்டுக்கு வந்து சொன்னான். அதற்கு முந்தின வாரம்தான் ஆயில் மாற்றியிருந்தான். ஆயில் ஃபில்டரின் கிண்ணத்துக்கு ஒரு ரப்பர் வாஷர் உண்டு.

"பழைய வாஷரை எடுக்காம அதும்மேலயே புதுசைப் போட்டுட்டனுங்க அக்கா. ஆயில் பூரா ஒழுகிப்போச்சு. என் தப்புங்க."

அவ்வளவுதான் சொன்னான். வேறு ஒரு சாக்கும் சொல்லவில்லை. நான் கத்தினேன். கத்தியதோடு விட்டிருக்கலாம். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் என் அண்ணனுக்கு ஃபோன் போட்டு அதே சூட்டில் எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணனுடைய இரண்டு லாரிகளும் அதுவரை தம்பியிடம்தான் சர்வீசுக்குப் போய்க்கொண்டிருந்தன. அடுத்த வாரமே வேறு பட்டறைக்குப் போயின. காங்கேயத்தில் அண்ணன் சொன்னால் நாலு மில்காரர்கள் கேட்பார்கள். அவர்களும் தங்கள் வண்டிகளை எடுத்துக்கொண்டார்கள். 'ஆயில் இல்லாம வண்டி உட்டவன்' என்று அவனுக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். சில மாதத்தில் அவன் பட்டறை வாசலில் மொபெட்டுகள் மட்டும் நின்றன. போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். என் வாய் செய்த வேலை என்று எனக்குத் தெரியும். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

கார் ஷெட்டில் கிடந்தது. ஊரில் ஓடுகிற அம்பாசடர் பூரா டீசல் எஞ்சின்தான், நீயும் ஒன்றைத் தூக்கிப் போடு என்றார் அண்ணன். எனக்கு ஒப்பவில்லை. ஆர்டர் எடுக்கும்போது வாடிக்கையாளர் ஒரு சாம்பிளில் கையெழுத்துப் போட்டுத் தருவார். கடைசி வரை அதன்படிதான் செய்ய வேண்டும். இந்தக் கார் ஒரு சாம்பிள். அதை மாற்ற நான் யார்?

தம்பியிடம் போனேன். வேற ஆளைப் பாருங்க அக்கா என்று மொபெட்டை விட்டுத் தலையைத் தூக்காமல் சொன்னான். எந்த போல்ட் எங்கே இருந்தது என்று உன்னைத் தவிர எவனுக்குத் தெரியும் என்று கேட்டேன். அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மொபெட்டுக்கே திரும்பினான். அங்கிருந்தே நேராகக் காங்கேயம் போனேன். இவன் கையால் மாட்டிய பெட்ரோல் எஞ்சினோடு என் கார் உங்கள் மில் வாசலுக்கு வந்து நின்றால், லாரி இரண்டையும் திரும்ப இவனிடமே விட வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டேன். அண்ணன் கொப்பரை காயும் களத்தைப் பார்த்துக்கொண்டே, "வரட்டும், பாக்கலாம் அம்முணி" என்றார். அவர் வாயில் அது சம்மதம். அண்ணன் திரும்பினால் மற்ற மில்காரர்களும் திரும்புவார்கள். திரும்பி வந்து இதைச் சொன்னதும் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

மாற்று எஞ்சின் கோயம்புத்தூரில் கிடைத்தது. எண்பதுகளில் வாடகைக்கு ஓடிய ஒரு அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சின். வார்ப்பும் அளவும் எங்கள் பழைய எஞ்சினின் வம்சம்தான். ஆனால் போட்டிருந்த உடுப்பு வேறு. டைனமோ இருக்க வேண்டிய இடத்தில் ஆல்டர்னேட்டர். இரும்பு விசிறிக்குப் பதில் பிளாஸ்டிக். எண்ணெய்க் கிண்ணம் வைத்த ஏர் கிளீனருக்குப் பதில் காகித ஃபில்டர். ஒயர் எல்லாம் பளபளவென்று பிளாஸ்டிக் உறை. எங்கள் வேலை இதுதான்: புது உயிருக்குப் பழைய உடுப்பைப் போடுவது.

முதலில் எஞ்சினின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தில் மாற்றி எழுதி வாங்கினேன். பிறகு என் யூனிட்டில் சரக்கு கட்டும் பாலிபேக் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். செத்த எஞ்சினிலிருந்து தம்பி கழற்றிக் கொடுத்த ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனிப் பையில் போட்டுச் சீட்டு எழுதி ஒட்டினேன். இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லீங்க என்றான். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

டைனமோவைத் தாங்கும் இரும்பு பிராக்கெட்டின் ஓட்டைகள் புது எஞ்சினில் ஒரு மயிரிழை விலகி நின்றன. ஓட்டையைப் பெரிதாக்கலாமா என்று கேட்டதற்கு, பழைய பொருளில் அரம் படக்கூடாது என்றேன். இரண்டு நாள் யோசித்து, மெல்லிய தகடு வெட்டி இடையில் வைத்துச் சரிசெய்தான். பெல்ட் ஓடும் சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தவள் நான். நூல் பிடிக்க எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எஞ்சினின் நிறத்துக்கு, பழைய மூடியின் அடியில் வெயில் படாத இடத்தில் ஒரு பொட்டு பெயிண்ட்டைச் சுரண்டி எடுத்து, எனக்குச் சாயம் போடுகிற டையிங் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். துணிக்கு ஷேடு பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் வைத்து மூன்று முறை ஒப்பிட்டு அந்தப் பச்சையைப் பிடித்தோம். ஆய்வகத்துப் பெண் எந்த நாட்டு ஆர்டருங்க என்று கேட்டாள். குண்டடம் என்றேன்.

எல்லாம் சரியாக வந்தது. ஒயர் மட்டும் மிச்சம். அந்தக் காலத்தில் ஒயர்களுக்கு மேலே பருத்தி நூலால் பின்னிய உறை இருக்கும். கறுப்பு, நடுவில் ஒரு மஞ்சள் இழை சுற்றிக்கொண்டு போகும். அது இப்போது எங்கே கிடைக்கும் என்று தம்பி கவலைப்பட்டான். நான் சிரித்தேன். உலகத்திலேயே இந்த ஒரு சாமானுக்கு மட்டும் கவலைப்பட வேண்டாம் தம்பி என்றேன். கறுப்புச் சாயம் போட்ட நூலும் ஒரு கண்டு மஞ்சள் நூலும் வாங்கினேன். என் நாடா மெஷினில் நூல்கண்டுகள் பின்னல் கோலாட்டம் ஆடுகிற மாதிரி ஒன்றையொன்று சுற்றிவர, நடுவே ஒயரை விட்டு மேலேயே பின்னி எடுத்தேன். பழைய உறையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. அவ்வளவு பெருமை எனக்கு.

டாஷ்போர்டிலிருந்து காயிலுக்குப் போகும் ஒயர்தான் எஞ்சினுக்குக் கரண்டு கொடுப்பது. அதைச் சரியாக முப்பத்தாறு இஞ்ச் வெட்டி, இரு முனையிலும் உறையை நூலால் இறுக்கிக் கட்டி, மேலே வார்னிஷ் தடவினேன். மாட்டும்போது தம்பி, "கொஞ்சம் லூஸ் விடலாங்களா அக்கா?" என்று கேட்டான். தொங்கினால் எனக்கு ஆகாது, இழுத்து மாட்டு என்றேன். மாட்டினான்.

காங்கேயம் போக நாள் குறித்தோம். முந்தின நாள் மத்தியானம் பேனட்டைத் திறந்து பார்த்தேன். அங்கங்கே விரல் ரேகை, ஒரு துளி கிரீஸ். கறையோடு ஒரு பீஸ்கூட என் யூனிட்டிலிருந்து வெளியே போனதில்லை. தம்பி மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும் என்றான். நான் கேட்கவில்லை. தண்ணீர் படக்கூடாத பாகங்களுக்கு பாலிபேக் கட்டிவிட்டு, பைப்பைப் பிடித்து எஞ்சினைக் குளிப்பாட்டியே விட்டேன். ஷெட்டிலேயே இரவெல்லாம் நின்று நீர் வடிந்தது.

காலையில் தொட்டதும் ஸ்டார்ட் ஆனது. நான் ஓட்டினேன், பக்கத்தில் தம்பி. புதுச்சட்டை போட்டு, விபூதி பூசி வந்திருந்தான். எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு எதையும் அவன் கேட்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. படியூர் தாண்டியதும் முதல்முறையாகச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான். நல்லா வருதுங்க அக்கா என்றான். நான் தெனாவெட்டாக ஒரு ஹாரன் அடித்தேன்.

அண்ணன் மில்லுக்கு இன்னும் அரை ஃபர்லாங்கு இருக்கும்போது எஞ்சின் சட்டென்று அணைந்தது. கத்தவில்லை, புகையவில்லை. அணைந்தது, அவ்வளவுதான். கார் தானாக உருண்டு ஒரு புளியமரத்தடியில் நின்றது. மில் வாசலிலேயே காத்திருந்த அண்ணன் இரண்டு மில்காரர்களோடு நடந்து வந்தார்.

"மறுபடியும் புடிச்சுக்கிச்சா?" என்றார்.

தம்பி பேனட்டைத் திறக்கவில்லை. டிக்கியிலிருந்து கைப்பிடியை எடுத்துவந்து முன்னால் நின்றான். செருகவில்லை. செருகிச் சுற்றி, அது அசையாமல் போய்விட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கைப்பிடியைக் கீழே இறக்கினான். பிறகு அண்ணனைப் பார்த்து, எதையும் பார்க்காமலேயே, "என் தப்பாத்தானுங்க இருக்கும்" என்றான். ஒரு மில்காரர் இன்னொருவரைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு வந்த கோபத்தில் நானே பேனட்டைத் தூக்கினேன். தூக்கியதும் தெரிந்துவிட்டது. காயிலின் தலையில் பித்தளை முனை தனியாக இருந்தது. அதற்குள் இறுக்கியிருந்த செம்பு இழைகள் உருவிக்கொண்டு வெளியே வந்து, என் அழகான கறுப்பு நாடாவின் நுனியில் அந்தரத்தில் நின்றன. நாடா விறைத்து, பலகை மாதிரி இருந்தது. பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன். முப்பத்திநாலு.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். முப்பது வருடமாகப் பருத்தி நனைந்து காய்ந்தால் சுருங்கும் என்று ஊருக்குப் பாடம் எடுத்தவள் நான். என் நாடா எப்போதும் வெள்ளையாகப் பின்னப்பட்டுச் சாயத் தொட்டிக்குப் போகும். சுருங்க வேண்டியதெல்லாம் அங்கேயே சுருங்கித்தான் திரும்பி வரும். அந்தப் பழக்கத்தில் இதையும் விட்டுவிட்டேன். இது ஏற்கெனவே சாயம் போட்ட நூல், தொட்டியையே பார்க்காத நாடா. நான்தான் தண்ணீர் ஊற்றி நனைத்தேன். எஞ்சின் சூடு அதைக் காயவைத்தது. உறை சுருங்கி, இழுக்க இடமில்லாமல், ஒயரைப் பிடுங்கிவிட்டது. இரண்டு இஞ்ச் லூஸ் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இது அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒயர் கழன்றுவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லி மாட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் மாட்டியவன் தம்பி. ஒயரைக்கூட ஒழுங்காக மாட்டத் தெரியாதவன் என்று இன்னொரு பெயர் சாயங்காலத்துக்குள் காங்கேயம் பூராவும் போயிருக்கும். ஒரு நிமிடம் நின்றேன். மறைக்க மாட்டேன், அந்த ஒரு நிமிடம் நின்றது உண்மை.

பிறகு டேப்பை நாடாவின் மேலேயே வைத்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தாறு இஞ்ச் வெட்டியது, லூஸ் விடச் சொன்னவனை அதட்டியது, வேண்டாம் என்றவனை மீறித் தண்ணீர் ஊற்றியது. மில்காரர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"ரெண்டு வருசம் முந்தி இவன் ஒரு தப்புப் பண்ணுனான். அவனா வந்து சொன்னான். நான் அதைக் காங்கேயம் பூராச் சொன்னேனுங்க. இன்னிக்கு இது என் தப்பு. இதையும் நீங்க காங்கேயம் பூராச் சொல்லோணும்."

 கத்தரியை எடுத்து நாடாவை நுனியிலிருந்து நீளவாக்கில் வெட்டினேன். மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பின்னியது, பிசிறு பிசிறாகப் பிரிந்து தொங்கியது. உள்ளே சுருண்டிருந்த ஒயர் விடுபட்டு நீண்டது. தம்பி அதன் நுனியைப் பல்லால் உரித்து, முனையில் சுற்றி இறுக்கினான். 

சாவியைத் திருப்பினால் போதும், ஸ்டார்ட் ஆகிவிடும். நான் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். அவன் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, அந்தக் கைப்பிடியையே எடுத்து முன்னால் செருகினான். அண்ணனை ஒருமுறை பார்த்தான். ஒரே ஒரு அரைச்சுற்று. வெண்ணெயில் கரண்டி போன மாதிரி சுற்றியது, எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. அவன் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டான். நான் ஒரு ஹாரன் அடித்தேன்.

அண்ணன் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். மில் வாசலில் இறங்கும்போது தம்பியிடம், "திங்கக்கெழமை லாரி ரெண்டும் உங்க பட்டறைக்கு வருமுங்க" என்றார்.

லாரிகள் வந்தன. அவற்றின் பின்னாலேயே மற்ற மில்களின் வண்டிகளும் வந்தன. அண்ணன் சொன்ன சொல் தவறாதவர். நான் கேட்டுக்கொண்டபடியே என் கதையையும் ஊர் பூராச் சொன்னார், கூடக் கொஞ்சம் சேர்த்தும் சொன்னார். சாயப்பட்டறையில், நூல் கடையில், கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால், எத்தனை இஞ்சுங்க சுருங்குச்சு என்று கேட்கிறார்கள். ரெண்டு என்கிறேன். காருக்குப் புது நாடா பின்னி, கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் காயவைத்து எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வாசலில் நாலு லாரி நின்றதால் காரை ரோட்டிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. தம்பி நாடாவை வாங்கிப் பார்த்துவிட்டு, சிரிக்காமல், "லூஸ் விடலாங்களா அக்கா?" என்று கேட்டான்.

இன்று என் காரின் பேனட்டைத் திறந்தால் எல்லாம் அந்தக் காலத்து அம்பாசடரில் இருந்தபடியே இருக்கும். காயிலுக்குப் போகும் ஒயர் மட்டும் கொஞ்சம் தொங்கும்.